பதினான்கு ஊசிகளின் வரலாறு

சிலாபம் கடற்கரையிலே தோணிகள் கரையேறும் வேளையில், மீனை எதிர்பார்த்து நிற்பவர்களோடு காகங்களும் நாய்களும் நிற்கும். அந்நாய்களுள் ஒன்றுக்கு விசர் பிடித்துவிட்டது என்ற செய்தி பரவினால் போதும், பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறமாட்டார்கள். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை கடியுண்டவரை இரண்டு அச்சங்கள் வாட்டின. ஒன்று, நீரைக் கண்டு அஞ்சி மாளும் அந்நோய். மற்றையது, தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஏற்றப்பட்ட ஊசி. பொதுமக்கள் அவ்வூசியின் வலியை எண்ணி அஞ்சினார்கள். அதனை ஏற்றிய வைத்தியர்களோ வேறொன்றை எண்ணி அஞ்சினார்கள். அந்த இரண்டாவது அச்சத்தின் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நமது உடலிலே செய்திகளைக் கொண்டு செல்வது நரம்புத் தொகுதி. அயற்பொருளை இனங்கண்டு எதிர்ப்பது நிர்ப்பீடனத் தொகுதி. இவை இரண்டும் தத்தம் வழியே செல்பவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அவை எங்ஙனம் ஒன்றையொன்று தீண்டுகின்றன என்பதை மருத்துவ உலகிற்குக் கற்பித்தவற்றுள் முக்கியமானது விசர்நாய்க்கடி ஊசியே ஆகும்.

விசர்நோயின் வைரசு மிகத் தந்திரமானது. கடிவாயிலிருந்து அது இரத்தத்தில் ஓடுவதில்லை; அருகிலுள்ள நரம்பினுள்ளே புகுந்து, அதன் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகின்றது. நரம்பினுள் ஒளிந்து செல்வதனால் நிர்ப்பீடனக் காவலரின் கண்ணில் அது எளிதிற் படுவதில்லை. மூளையை அடைந்து குறிகள் தோன்றிய பின்னர் உயிர் தப்பியோர் மிக மிக அரியர். ஆயினும் அப்பயணத்திற்குப் பெரும்பாலும் சில வாரங்கள், சில வேளைகளிற் பல மாதங்கள் செல்கின்றன. அந்த இடைக்காலத்திலே காவலரைத் துயிலெழுப்பிவிட்டால் உயிரைக் காக்கலாம். லூயி பாஸ்ரர் கண்ட வழி இதுவே. 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் நாள், யோசப் மைஸ்ரர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, நோயுற்ற முயலின் முண்ணாணை உலர்த்திச் செய்த மருந்தை அவர் ஏற்றத் தொடங்கினார். சிறுவன் பிழைத்தான்.

நம் நாட்டிலே 1893 இல் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவின் வடக்கே கசௌலி மலையில் 1900 இல் பாஸ்ரர் நிலையம் நிறுவப்பட்டது. தெற்கே நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907 இல் இன்னொன்று திறக்கப்பட்டது. இரும்பு உருக்கிப் பொருளீட்டிய அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடை அதற்குத் துணை நின்றது என்பது சுவையான செய்தி. கசௌலியின் முதல் இயக்குநராகிய டேவிட் செம்பிள் 1911 இல் ஒரு புதுமுறையை வெளியிட்டார். வைரசு நிறைந்த மூளையைப் பீனோல் கலந்து செயலிழக்கச் செய்து ஊசிமருந்தாக்கும் முறை அது. செலவு குறைவு, தொலைதூரத்திற்கும் அனுப்பலாம். செம்மறியாட்டின் மூளையிலிருந்து ஆக்கப்பட்ட இம்மருந்தே ஆசிய நாடுகள் பலவற்றில் நிலைத்தது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் அதனை உற்பத்தி செய்தது.

இனி வைத்தியர்களின் அச்சத்திற்கு வருவோம். பாஸ்ரர் காலத்திலிருந்தே ஒரு புதிர் இருந்தது. ஊசி பெற்றோருட் சிலருக்கு, முதல் ஊசி ஏற்றி ஏறத்தாழ இரண்டு கிழமைகளில், கால் மரத்து, நடை தளர்ந்து, சில வேளைகளில் இடுப்புக்குக் கீழே முற்றாக வழங்காமற் போனது. சிலர் இறந்தனர். இத்தகையோர் தொகை, சில நூறு பேருக்கு ஒருவர் என்றும் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும் இடத்துக்கிடம் வேறுபட்டது. கடித்த நாய்க்கு விசர் இல்லாதபோதும், நலமாக ஊசிக்கு வந்தவர் முடமாகித் திரும்பியதுண்டு. மருந்திலே வைரசு உயிரோடு எஞ்சியிருந்ததோ? அல்லது மூளைப் பொருள்தான் தீங்கு செய்ததோ?

விடை கண்டவர் நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் நிறுவகத்தைச் சேர்ந்த தோமஸ் றிவர்ஸ். 1933 இலும் 1935 இலும் தம் துணைவர்களோடு அவர் வெளியிட்ட ஆய்வுகளில், வைரசு எதுவுமற்ற நல்ல முயல் மூளையையே குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றினார். குரங்குகள் தள்ளாடின, அவற்றின் நரம்பு நார்களைப் போர்த்திருந்த மயலின் உறை சிதைந்திருந்தது. எனவே குற்றவாளி வைரசு அன்று. அயல் மூளையை எதிர்க்கப் பழகிய நிர்ப்பீடனத் தொகுதி, தன் மூளையும் அதே சாயலில் இருத்தலால் அதனையும் பகையென எண்ணித் தாக்கியது. பிற்காலத்தில், 1987 இல், தாய்லாந்து நோயாளரிடையே நடந்த ஓர் ஆய்வு, மயலினில் உள்ள ஒரு புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரிகள் அவர்களிடம் இருந்ததைக் காட்டிற்று. றிவர்ஸ் குரங்குகளில் உண்டாக்கிய நோயே, பல்கூட்டு வன்மை எனப்படும் நரம்பு நோயை ஆராய்வதற்கு இன்றுவரை மாதிரியாக விளங்குகின்றது.

இதற்கிடையே, மூளையிலே வைத்த அயல் தோலை உடல் எளிதில் நிராகரிப்பதில்லை என்று பீற்றர் மெடவார் 1948 இல் காட்டினார். அதனால் மூளை நிர்ப்பீடனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட கோட்டை என்ற எண்ணம் வலுப்பெற்றது. கோட்டைதான், ஆனால் வாயில்கள் உள்ள கோட்டை. மூளையைச் சூழ்ந்த சவ்வுகளிலே நிணநீர்க் கலன்கள் ஓடுவதை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் எலிகளை ஆராய்ந்தோர் 2015 இல் விளக்கினர். செய்தி எதிர்த்திசையிலும் செல்கின்றது. மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகசு நரம்பைத் தூண்டினால் உடலின் அழற்சி தணிகின்றது என்பது 2000 ஆம் ஆண்டில் எலிகளிலே காட்டப்பட்டது.

அறிவு இவ்வாறு வளர, ஆட்டுமூளை ஊசியோ மாறாது நின்றது. இதுவே என் மனத்தை உறுத்தும் செய்தி. காரணம் 1935 இலேயே தெரிந்துவிட்டது. நரம்புப் பொருள் கலவாத, வளர்ப்புக் கலங்களில் ஆக்கிய தடுப்பூசி பிலடெல்பியாவின் விஸ்ரார் நிறுவகத்தில் உருவானது. விசர் விலங்குகளாற் கடியுண்ட 45 பேர் அதனால் ஈரானிலே காக்கப்பட்டமை 1976 இல் வெளியாயிற்று. செல்வ நாடுகள் உடனே மாறின. வறிய நாடுகள் மாறவில்லை, ஏனெனில் புது மருந்தின் விலை எட்டாததாயிருந்தது. வைத்தியர்களைக் குறை கூறுவது முறையன்று. 1973 இல் மட்டும் இலங்கையிலே 377 பேர் விசர்நோயால் மாண்டனர். உறுதியான சாவுக்கும் அரிதான முடத்துக்கும் இடையே நின்றவர் முடத்தின் அபாயத்தைத் தெரிந்தெடுத்தது சரியே. ஆனால் அத்தகைய தெரிவை வறியவனிடம் மட்டும் அத்தனை ஆண்டுகள் விட்டுவைத்த உலகைச் சரியென்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தார் ஒரு வழி கண்டனர். புது மருந்தைத் தசையில் ஏற்றாது தோலினுள் சிறு அளவாக ஏற்றினாற் போதும் என்று நிறுவினர். நிர்ப்பீடனக் கலங்கள் தோலிலே செறிந்திருத்தலால் குறைந்த மருந்தே நிறைந்த பயன் தந்தது, செலவும் இறங்கிற்று. 1990 களின் நடுப்பகுதியில் இலங்கை ஆட்டுமூளை ஊசியைக் கைவிட்டது. இந்தியா 2004 இன் இறுதியிலே கைவிட்டது. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணியும் சேர்ந்ததனால், இந்நாட்டில் இறப்போர் தொகை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவிற்குக் குறைந்தது.

ஊசி மறைந்தும் அதன் பெயர் மறையவில்லை. பதினான்கு ஊசிக்கு அஞ்சிக் கடியை மறைக்கும் பிள்ளையும், பச்சிலை கட்டிப் பார்ப்போம் என்னும் பெரியவரும் நம் கரையோரக் கிராமங்களில் இன்னும் உளர். அவர்கள் அஞ்சும் மருந்து இப்போது எந்த வைத்தியசாலையிலும் இல்லை. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே சென்றால், ஊசி ஏற்றப்படுவது கையிலே. அதுவும் ஒரு மாதத்தினுள் சில தடவைகள் மட்டுமே. கடி ஆழமானதாயின் காயத்தைச் சுற்றியும், ஆயத்தமாக உள்ள பிறபொருளெதிரிகளைச் செலுத்துவர். அவை, உடல் தன் படையைத் திரட்டும்வரை, வைரசு நரம்பினுட் புகாது தடுத்து நிற்கும்.