திண்ணை வைத்துக் கட்டிய உலாவி

2002ஆம் ஆண்டு மொசில்லாவின் மூலநிரல் கிடங்கில் புதிதாக ஒரு கோப்புறை முளைத்தது. வழக்கம்போல அதற்குள் ஒரு ‘ரீட்மீ’ கோப்பு, கேள்வி-பதிலாக. படித்தவர்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். இதில் பிழை கண்டால் எங்கே பதிவது? பதிய வேண்டாம், இப்போதைக்கு யாரிடமும் கருத்து கேட்கவில்லை. ஏன் இவ்வளவு சின்னக் குழு? ஆள் பெருத்ததால்தான் பெரிய வேலை நகராமல் கிடக்கிறது. நானும் சேர்ந்துகொள்ளலாமா? கூப்பிட்டால் வரலாம். சொல்லுக்குச் சொல் இப்படி இல்லை, சாரம் இதுதான்.

ஊரார் எல்லாரும் வந்து கட்டலாம் என்று அறிவித்துத் தொடங்கிய வீடு அது. அந்த வீட்டுக்குள்ளேயே நாலைந்து பேர் ஓர் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். அந்த அறையில் பிறந்ததுதான் ஃபயர்பாக்ஸ். ‘உங்கள் யோசனை வேண்டாம்’ என்று சொல்லிப் பிறந்த ஓர் உலாவிக்கு, இரண்டே ஆண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைக்காசு போட்டுப் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார்கள். அது எப்படி நடந்தது?

வீட்டின் முதல் சொந்தக்காரர் நெட்ஸ்கேப் நிறுவனம். எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டி வலையைப் பொதுமக்கள் பக்கம் திருப்பிய மொசைக் உலாவி, 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆன்டிரீசன் அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவுக்குப் போய் ஜிம் கிளார்க்குடன் நெட்ஸ்கேப்பைத் தொடங்கினார். மொசைக்கை விழுங்க வரும் காட்ஸில்லா என்று அவர்களுக்குள் வைத்துக்கொண்ட செல்லப்பெயர்தான் மொசில்லா. 1995 ஆகஸ்ட் 9 அன்று 28 டாலருக்குச் சந்தைக்கு வந்த நெட்ஸ்கேப் பங்கு, அன்று மாலை 58 டாலரைத் தாண்டி நின்றது. அதே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கத் தொடங்கியது. கணினி வாங்கினால் உலாவி கூடவே வரும் என்றான பின், தொலைபேசி இணைப்பில் மணிக்கணக்கில் காத்திருந்து இன்னொன்றை இறக்க யாருக்குப் பொறுமை?

நெட்ஸ்கேப் கடைசி அஸ்திரத்தை எடுத்தது. உலாவியின் மூலநிரலையே ஊருக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று 1998 ஜனவரியில் அறிவித்து, மார்ச் 31 அன்று கொடுத்தும் விட்டது. செல்லப்பெயர் திட்டத்தின் பெயரானது. சரியாக ஓராண்டு கழித்து, அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கி வேலையை விட்டார். ஓராண்டாகியும் வெளியிட எதுவுமில்லை என்பது அவருடைய ஆற்றாமை. பழைய நிரல் தேறாது என்று முடிவாகி, பக்கத்தை வரையும் இயந்திரத்தைப் புதிதாக எழுதினார்கள். ‘கெக்கோ’ என்ற அந்த இயந்திரத்தோடு மொசில்லா 1.0 வந்து சேர்ந்தபோது 2002 ஜூன் ஆகிவிட்டது. அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரம் நன்றாக இருந்தது. வீடுதான் குடியிருக்க முடியாமல் இருந்தது. மொசில்லா என்பது உலாவி மட்டுமன்று. மின்னஞ்சல், செய்திக்குழு, முகவரிப் புத்தகம், வலைப்பக்கம் எழுதும் கருவி, அரட்டைக் கருவி என்று எல்லாம் ஒரே மூட்டை. ஒரு செய்தியைப் படிக்க வேண்டும் என்றாலும் மூட்டை மொத்தத்தையும் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அமைப்புகள் பகுதியைத் திறந்தால் இடப்பக்கம் தலைப்புகளின் மரம். ஒவ்வொரு கிளையையும் தட்டினால் டிக் அடிக்கும் கட்டங்கள். இந்தக் கட்டங்கள் எப்படி வந்தன என்பது பொதுக்காரியம் பார்த்த எவருக்கும் புரியும். புதிய டேப் முன்னால் திறக்க வேண்டும் என்பார் ஒருவர், பின்னால் திறக்க வேண்டும் என்பார் மற்றவர். இருவரும் தன்னார்வலர்கள், யாரையும் புண்படுத்த முடியாது. சரி, ஒரு கட்டம் போட்டுவிடு, வேண்டியவர் டிக் அடித்துக்கொள்ளட்டும். முடிவெடுக்காமல் விட்ட ஒவ்வொரு வழக்கும் ஒரு கட்டமாகச் சேர்ந்தது.

இன்னொரு பக்கம் வியாபாரம். நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனம், மொசில்லாவின் மேல் தன் பொத்தான்களையும் சின்னங்களையும் ஒட்டி வெளியிட்டது. அழையா விருந்தாளியாகக் குதிக்கும் பாப்-அப் விளம்பரங்களைத் தடுக்கும் வசதி மொசில்லாவில் இருந்தது. அதன் மேல் கட்டி 2002 ஆகஸ்டில் வெளிவந்த நெட்ஸ்கேப் 7.0இல் அது காணாமல் போயிருந்தது! பயனர்கள் கூச்சல் போட்ட பிறகு, அந்த ஆண்டுக் கடைசியில் 7.01இல் திரும்ப வைத்தார்கள்.

அந்த அறைக்குள் தாழிட்டுக்கொண்டவர்கள் இந்த இரண்டிலிருந்தும் தப்பியவர்கள். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த டேவ் ஹையட், ஜோ ஹியூவிட் இருவரோடு, பள்ளிப் பருவத்திலேயே மொசில்லாவின் பிழைகளைத் திருத்த வந்து சேர்ந்த பிளேக் ராஸ். ராஸுக்கு அப்போது 17 வயது. அவர்கள் செய்த முதல் வேலை, தூக்கிப் போட்டது. மின்னஞ்சல், அரட்டை, பக்கம் எழுதும் கருவி எல்லாம் வெளியே. கட்டங்களில் பெரும்பகுதி வெளியே. டேப்பும் பாப்-அப் தடுப்பும் மிஞ்சின. 2002 செப்டம்பர் 23 அன்று பீனிக்ஸ் 0.1 வந்தது. நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த பறவை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஹையட் அதற்குள் ஆப்பிளுக்குப் போயிருந்தார். அங்கே சஃபாரி உலாவி அவருக்காகக் காத்திருந்தது. நியூசிலாந்தில் வளர்ந்த பென் குட்ஜர் பிறகு பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

பெயர் நிலைக்கத்தான் நாளாயிற்று. பீனிக்ஸ் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கணினி நிறுவனம் இருந்தது. வணிகச்சின்ன வழக்கு வரும் போலிருந்தது. 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அதே பெயரில் ஒரு திறந்தமூலத் தரவுத்தளத் திட்டம் இருந்தது. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நிறுவனத்தோடு வழக்காடலாம், சொந்தச் சாதிசனத்தோடு எப்படி? 2004 பிப்ரவரி 9 அன்று மூன்றாவது பெயர்: ஃபயர்பாக்ஸ். இமயமலைக் காடுகளில் வாழும் சிவப்புப் பாண்டாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பெயர் அது. சின்னத்தில் உலக உருண்டையைச் சுற்றிப் படுத்திருப்பதைப் பார்ப்பவர்கள் மட்டும் இன்றுவரை நரி என்றே சொல்கிறார்கள்.

இதற்கிடையில் வீட்டுக்காரர் கையை விரித்தார். 2003 ஜூலையில் ஏஓஎல் நெட்ஸ்கேப் குழுவைக் கலைத்தது. போகும்போது 20 லட்சம் டாலரும் சில கணினிகளும் கொடுக்க, மொசில்லா அறக்கட்டளை பிறந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் மிட்செல் பேக்கர் என்ற வழக்கறிஞர். 2001இலேயே வேலைநீக்கத்துக்கு ஆளானவர். சம்பளம் நின்ற பிறகும் மொசில்லா வேலையை விடாமல் பார்த்தவர். ‘பல்லிகளின் தலைமை மேய்ப்பர்’ என்பது மொசில்லாவில் அவருடைய பதவிப்பெயர்.

தாழ்ப்பாள் போட்டவர்கள் ஒன்றை மட்டும் சாத்தவில்லை. இந்தக் கதையின் உயிர்நாடி அதுதான். மொசில்லாவின் பொத்தான்களும் மெனுக்களும் ஏறத்தாழ ஒரு வலைப்பக்கம் எழுதப்படும் முறையிலேயே எழுதப்பட்டிருந்தன. ‘ஸூல்’ என்று அந்த மொழிக்குப் பெயர். வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவர் கொஞ்சம் மெனக்கெட்டால் உலாவியின் முகத்தையே மாற்றிவிடலாம். அப்படி எழுதிய சிறு நிரலை வேண்டியவர் மட்டும் தம் உலாவியில் சேர்த்துக்கொள்ளலாம். நீட்சி என்று தமிழில் சொல்கிறோம். பழைய வீடுகளில் வழிப்போக்கருக்கும் அண்டை அயலாருக்கும் திண்ணை உண்டு. உள்ளே வர வேண்டியதில்லை, விரட்டவும் மாட்டார்கள்; தங்கலாம், கடை விரிக்கலாம். நீட்சிகள் ஃபயர்பாக்ஸின் திண்ணை. ‘உன் ஆசைக்கு உள்ளே இடமில்லை’ என்பதோடு, ‘வெளியே போய் நீயே செய்துகொள்’ என்பதும் சேர்ந்தது. இரண்டாவது வாசகம் இருந்ததால்தான் முதல் வாசகத்தையும் சொல்ல முடிந்தது.

திண்ணை நிறைந்தது. பீனிக்ஸ் பிறந்த 2002ஆம் ஆண்டே டென்மார்க்கில் ஒரு மாணவர் விளம்பரத்தை மறைக்கும் ‘ஆட்பிளாக்’ நீட்சியை எழுதினார். 2005இல் வந்த ‘கிரீஸ்மங்கி’, அடுத்தவர் வலைப்பக்கத்தையும் நம் விருப்பத்துக்கு மாற்றிப் பார்க்க விட்டது. உலாவியை உருவாக்கிய ஜோ ஹியூவிட்டே 2006இல் திண்ணைக்கு வந்து, வலைப்பக்கம் செய்கிறவர்களுக்காக ‘ஃபயர்பக்’ என்ற நீட்சியை வைத்துவிட்டுப் போனார். இன்றைய உலாவிகள் எல்லாவற்றிலும் உள்ள, வலைப்பக்கத்தைச் சோதிக்கும் கருவிகளுக்கு அது முன்னோடி. உலாவி திடீரென்று மூடிக்கொண்டால் திறந்திருந்த பக்கங்களை மீட்டுத் தரும் வேலையை முதலில் நீட்சிகள்தான் செய்தன. எல்லாருக்கும் அது வேண்டும் என்று தெரிந்ததும், 2006 அக்டோபரில் வந்த ஃபயர்பாக்ஸ் 2.0 அதை உள்ளே எடுத்துக்கொண்டது.

தமிழுக்கும் அந்தத் திண்ணையில் இடம் இருந்தது. யூனிகோட் பரவாத அந்த நாட்களில் ஒவ்வொரு நாளிதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் செய்தி, கொட்டிக் கிடக்கும் குறிகளாகத் தெரியும். ‘பத்மா’ என்ற நீட்சி, தெலுங்கில் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் தனித்தனி எழுத்துருக்களை உலாவிக்குள்ளேயே யூனிகோடாக மாற்றிக் காட்டியது. கலிஃபோர்னியாவில் எந்தக் குழு கூடி முடிவெடுத்திருந்தாலும் இப்படியொரு வேலை அதன் பட்டியலில் ஏறியிருக்காது.

திண்ணையால் ஆகாத காரியமும் இருந்தது. இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி வரிகளை அமைத்த தமிழ்ப் பக்கங்கள் ஃபயர்பாக்ஸில் உடைந்து தெரிந்தன. ‘கோ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்புக்கு மேலே சுழி போட்ட குறி ஒரு பக்கம், ‘க’ நடுவில், கால் தனியே ஒரு பக்கம். ஒரே எழுத்தாகச் சேர வேண்டியவற்றைத் தனித்தனி எழுத்தாக எண்ணி, இடைவெளியைப் பங்கு போட்டதால் வந்த வினை. பதிவு எழுதுகிறவர்கள் ‘ஜஸ்டிஃபை வேண்டாம்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இது அஸ்திவாரத்தில் இருந்த கோளாறு. எழுத்தை அடுக்கும் பகுதியையே மாற்றி எழுதி, 2008 ஜூன் 17 அன்று வெளியான ஃபயர்பாக்ஸ் 3தான் அதைத் தீர்த்தது. அன்று தொடங்கி ஒரே நாளுக்குள் 80,02,530 முறை இறக்கப்பட்டு, அது கின்னஸ் பதிவும் ஆனது.

மூன்றரை ஆண்டு பின்னோக்கிப் போவோம். 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸ் 1.0. விண்டோஸுக்கு 5 எம்பிக்கும் குறைவு. தொலைபேசி இணைப்பிலும் இறக்கிவிடலாம். எதிரியும் தன் பங்குக்கு உதவியிருந்தார்: 2001இல் ஆறாம் பதிப்பை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், ஏழாவதை 2006வரை வெளியிடவில்லை. விளம்பரத்துக்குப் பணமில்லாத அறக்கட்டளைக்காகப் பயனர்களே நிதி திரட்டினார்கள். டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் இரண்டு முழுப் பக்கம். காசு கொடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. அந்த உலாவியில் அவர்களில் பலர் ஒரு வரி நிரலும் எழுதியதில்லை.

திண்ணைக்கும் ஒரு விலை இருந்தது. அங்கிருந்து சமையலறைவரை தடையில்லாமல் போகலாம் என்பதே அதன் பெருமை. அதுவே தொல்லையும் ஆனது. உள்ளே ஒரு சுவரை நகர்த்தினால் வெளியே நூறு நீட்சிகள் சரியும். 2008இல் கூகுள் குரோம் வந்தது. அதைக் கட்டியவர்களில் ஒருவர், அதற்குள் அங்கே சேர்ந்திருந்த பென் குட்ஜர். ஒவ்வொரு டேப்பையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டிய குரோமின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, ஃபயர்பாக்ஸும் உட்புறத்தை இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பு பழைய நீட்சிகளை ஏற்க மறுத்தது. ஆயிரக்கணக்கானவை ஒரே நாளில் செத்தன. புதிய திண்ணை உண்டு. சமையலறைக் கதவு மூடியாயிற்று. குரோமின் முன்னால் இன்று ஃபயர்பாக்ஸ் சிறுபான்மை.

எதை உள்ளே வைப்பது என்ற பழைய வழக்கு மட்டும் ஓயவில்லை. டேப்புகளைக் குழு குழுவாகப் பிரித்து வைக்கும் வசதி 2011இல் நான்காம் பதிப்போடு வந்தது. பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்று 2016இல் எடுத்துவிட்டார்கள். அதை விடமுடியாதவர்கள் நீட்சியாக எழுதி வைத்துக்கொண்டார்கள். மீண்டும் கொடுங்கள் என்று மொசில்லாவிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டபடியும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் டேப் குழுக்கள் திரும்ப வந்தன. பயனர்கள் அதிகமாகக் கேட்டது இதைத்தான் என்று மொசில்லாவே சொன்னது. யாரிடமும் கருத்து கேட்கவில்லை என்று ரீட்மீயில் எழுதி வைத்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.