மலைமண் கேட்கும் உணவு

1885ஆம் ஆண்டில் புகையிரதம் நானுஓயாவை எட்டியபோது, சுற்றியிருந்த மலைகளில் கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறினும் மண்ணின் குறை மாறவில்லை. காடழித்த சரிவுகளில் மேல்மண்ணை மழை அரித்தது. கொய்யப்பட்ட கொழுந்தோடு நைதரசனும் பொற்றாசியமும் வெளியேறின.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், ஆனால் எவ்வளவு? இத்தகைய வினாக்களை ஆராய 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், பின்னர் அண்மையிலுள்ள தலவாக்கலையில் நிலைபெற்றது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும்; அதன் அமிலகார அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையே இருத்தல் நன்று. அமோனியப் பசளை தொடர்ந்து இடப்பட்டால் புளிப்பு மிகும். மண்ணைச் சோதித்தே டொலமைட்டின் தேவையை அறியலாம். கூட்டெருவும் கவ்வாத்துத் தழையும் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். எனினும் கொழுந்து கேட்கும் நைதரசன் முழுவதையும் அவற்றால் மட்டும் தருதல் அரிது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022இல் 25 கோடியளவிற்கு இறங்கியது. பொருளாதார நெருக்கடியும் அதற்குத் துணைக்காரணமாயிற்று. கொழுந்து குறைந்தால் முதலில் இளைப்பது தொழிலாளியின் கூடை. அடுத்து அவர் வீட்டு அடுப்பு. எருவா, பசளையா என்று வாதிடுவதைவிட, மண்ணைச் சோதித்து இரண்டையும் அளவோடு சேர்ப்பதே அறிவுடைமை.