எலும்புக்கூடு காட்டித்தான் வரலாறு சொல்ல வேண்டுமா?

அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போனால் நம் கூட்டம் முதலில் எங்கே ஓடும்? எலும்புக்கூடு இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குத்தான்! பானை ஓட்டை யார் பார்க்கிறார்கள்? தொல்லியலை மக்களிடம் கொண்டுபோக நினைக்கும் அரசுகளுக்கும் இந்தச் சபலம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது டிக்சன் மேடுகள். 1927-ல் டான் டிக்சன் என்பவர் தன் குடும்ப நிலத்தில் இருந்த மண்மேட்டைத் தோண்டினார். உள்ளே பூர்வகுடி மக்களின் புதைகுழிகள். அவர் எலும்புகளை வெளியே எடுக்கவில்லை. மேல்மண்ணை மட்டும் நீக்கி, கிடந்தது கிடந்தபடியே விட்டு, மேலே கூரை போட்டுக் காட்சிக்கு வைத்தார். 1945-ல் மாநில அரசே அந்த இடத்தை வாங்கி, காட்சியைத் தொடர்ந்தது. 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள்!

எங்கள் முன்னோரின் புதைகுழி உங்களுக்கு வேடிக்கைப் பொருளா என்று பூர்வகுடியினர் கேட்டார்கள். அரசு மூட நினைத்தபோது உள்ளூர் மக்களே எதிர்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அவர்களுக்கு அது ஊர்ப்பெருமை. கடைசியில் 1992-ல் அந்தக் கூடம் மூடப்பட்டது.

இரண்டாவது இடம் கஹோக்கியா. மிசிசிப்பி ஆற்றங்கரைப் பக்கம் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் பெரிய நகரமாக இருந்தது. 1925-ல் மாநில அரசு இதைப் பூங்காவாக்கியது. 1961-ல் நெடுஞ்சாலை வேலைக்கு முன் நடந்த அகழாய்வில், வாரன் விட்ரி என்ற ஆய்வாளர் வளைவு வளைவாகச் சில பெரிய குழிகள் இருப்பதைக் கவனித்தார். வட்டமாக மரத்தூண்கள் நட்ட குழிகள்! சூரியன் உதிக்கும் திசையை வைத்துக் காலம் கணிக்க நட்டவை என்பது அவர் கருத்து. 1985-ல் அந்த வட்டத்தில் ஒன்றை 48 தூண்களோடு மறுபடி அமைத்தார்கள். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் மக்கள் விடியுமுன்பே வந்து நிற்கிறார்கள். சுமார் 30 மீட்டர் உயர மண்மேட்டிலிருந்தே சூரியன் எழுவது போலத் தெரியுமாம்.

கஹோக்கியாவிலும் எலும்புகள் கிடைக்காமல் இல்லை. 72-ஆம் எண் மேட்டில் மட்டும் 250-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் அந்த அதிகாலைக் கூட்டத்தை வரவழைப்பது அவை அல்ல.

எலும்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோள விவசாயம் பெருகியபோது மக்களின் உடல்நலம் குறைந்ததை டிக்சன் எலும்புகளை ஆராய்ந்துதான் கண்டார்கள். ஆனால் ஆராய்ச்சி வேறு, காட்சி வேறு. செத்தவர்களைக் காட்டினால் கூட்டம் வரும். அவர்கள் வாழ்ந்தபோது பார்த்த சூரியனைக் காட்டினாலும் கூட்டம் வருகிறதே! அப்புறம் எதற்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?