மழை விடுமுறை

மழை விடுமுறை என்பது கனமழையின்போது தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரிகளுக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறை ஆகும். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் - டிசம்பர்) இது அளிக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் பனிப்பொழிவு விடுமுறையை அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் முடிவு செய்கிறார். இங்கு அப்பொறுப்பு வருவாய் நிர்வாகத்தைச் சார்ந்தது.

முடிவெடுக்கும் முறை

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையே முதல் அடிப்படை. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதி கனமழை எனப்படும். எனினும் மழையளவை மட்டும் கொண்டு விடுமுறை விடப்படுவதில்லை. சாலைகள், நீர்நிலைகள், பள்ளிக் கட்டடங்கள் ஆகியவற்றின் நிலையும் கருதப்படும். பள்ளிகள் நிவாரண முகாம்களாகும்போது மழை நின்ற பின்னும் விடுமுறை நீளும்.

2023 டிசம்பர் 17-18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. அப்போது திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு அரசே விடுமுறை அறிவித்தது.

வத்திராயிருப்புப் பகுதி

மாவட்டம் முழுமைக்கும் ஒரே முடிவு பொருந்தாது என்பதற்கு விருதுநகர் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் பகுதிகளில், ஊரில் தூறல்கூட இல்லாதபோதும் மலையில் பெய்த மழையால் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரக்கூடும். அதே நாளில் கிழக்கே திருச்சுழியில் வெயில் அடிக்கலாம். இத்தகைய வேறுபாட்டால் தமிழ்நாட்டில் குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை விடுவதும், முடிவைத் தலைமை ஆசிரியர்களிடமே விடுவதும் உண்டு. அறிவிப்பு காலையில் தாமதமாக வந்தால், ஓடையைக் கடந்து பள்ளிக்கு வரும் மாணவர்களுக்கு அதனால் பயனில்லை. அதற்குள் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டிருப்பர்.

இழந்த வேலை நாட்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் ஈடுசெய்யப்படுகின்றன.