நிக்கோடிமஸ்: விடுதலை பெற்றோர் கண்ட ஊர்

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. சிற்றூர்களின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துவிடுகிறது. ஆயினும், ஓர் இனம் பட்ட பாட்டையும் அது கொண்ட உறுதியையும் அறிய விரும்புவோர்க்குச் சிற்றூர்களே சிறந்த சான்றுகளாக அமைகின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கன்சாஸ் மாநிலத்தில், அதன் வடமேற்குச் சமவெளியில், சாலமன் ஆற்றின் அருகே அமைந்துள்ள நிக்கோடிமஸ் என்னும் ஊர் அத்தகைய ஒன்றாகும்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குச் சொந்த நிலமோ கையில் பொருளோ இருக்கவில்லை. பலர் முன்னாள் எசமானர்களின் வயல்களிலேயே மீண்டும் உழைக்க வேண்டியவராயினர். 1877ஆம் ஆண்டில், தென்மாநிலங்களில் எஞ்சியிருந்த நடுவண் அரசின் படைகளும் காவற்பணியைக் கைவிட்டன. அதன்பின் அம்மக்களின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்படலாயின. சொந்த நிலத்தில் சொந்த உழைப்பால் வாழ வேண்டும் என்ற வேட்கை அவர்களிடையே வலுப்பெற்றது இக்காலத்திலேயாகும்.

அதே 1877ஆம் ஆண்டில், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினச் சமயப் போதகரும், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையர் ஒருவரும் பிறருடன் கூடி நிக்கோடிமஸ் ஊர்க் குழுமத்தை நிறுவினர். அரசு நிலத்தில் குடியேறி ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்வோர்க்கு 160 ஏக்கர் வரை நிலத்தை உரிமையாக்கும் சட்டம் 1862ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. அதனைச் சுட்டிக்காட்டிய துண்டறிக்கைகள் கென்டக்கி மாநிலத்தில் பரப்பப்பட்டன. வளமான மண்ணும் வாய்ப்பும் காத்திருப்பதாக அவை கூறின. அவற்றை நம்பி, 1877 செப்டம்பரில் ஏறக்குறைய முந்நூறு பேர் புறப்பட்டனர். எல்லிஸ் என்னும் நகர் வரை இரயிலில் வந்த அவர்கள், அங்கிருந்து 30 மைலுக்கு மேற்பட்ட தொலைவைப் பெரும்பாலும் நடந்தே கடந்தனர்.

வந்தோர் கண்ட காட்சி அவர்களைத் திகைக்க வைத்தது. எத்திசை நோக்கினும் மரமற்ற புல்வெளியே தென்பட்டது. வீடு கட்ட மரம் கிடைக்காமையால், முன்னரே வந்திருந்தோர் நிலத்தைத் தோண்டிக் குழிவீடுகளில் வாழ்ந்தனர். 1878ஆம் ஆண்டு வசந்த காலத்தில் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி, ஊர் எங்கே என்று வினவியபோது, நிலத்திலிருந்து புகை எழும் இடத்தையே கணவர் காட்டினாராம். அதைக் கண்டு தாம் அழுததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். ஏமாற்றமுற்ற பலர் திரும்பிச் சென்றனர். ஹிக்மன் குடும்பத்தார் போன்றோர் தங்கினர். அவர்களாலேயே ஊர் நிலைத்தது.

முதற் குளிர்காலம் கொடியதாக இருந்தது. உணவும் விறகும் அரிதாயின. வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் உணவைப் பகிர்ந்தளித்துக் காத்தனர் என அவ்வூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். தம் நிலத்தை இழந்த ஓர் இனம், நிலம் தேடி வந்த மற்றோர் இனத்தின் பசியைத் தீர்த்த செய்தி எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தகைய வறுமையிலும் அம்மக்கள் கல்வியை ஒத்திவைக்கவில்லை. அடிமைக்குக் கல்வி கற்பிப்பதைப் பல தென்மாநிலங்கள் சட்டத்தாலேயே தடுத்திருந்தன. எனவே, எழுத்தறிவு என்பது அவர்களைப் பொறுத்தவரை விடுதலையின் ஒரு கூறாகவே விளங்கியது. முறையான பள்ளிக் கட்டடம் இல்லாத தொடக்க ஆண்டுகளில், ஜென்னி ஸ்மித் பிளெட்சர் என்ற அம்மையார் குடியேறியோரின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1879ஆம் ஆண்டில் அங்கு அமைந்த பள்ளி வட்டாரமே அம்மாவட்டத்தின் முதலாவது ஆகும். பின்னர் எழுந்த பள்ளிக் கட்டடம் 1916இல் தீக்கிரையானபோதும், 1918இல் மீண்டும் ஒரு பள்ளி எழுப்பப்பட்டது.

உழைப்பு பயன் தந்தது. 1880களின் நடுப்பகுதியில் கடைகள், தேவாலயங்கள், விடுதி, இலக்கியக் கழகம், செய்தித்தாள் எனப் பலவும் தோன்றின. இவ்வூரில் குடியேறிய எட்வர்டு மெக்கேப் 1882ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று கன்சாஸ் மாநிலத்தின் கணக்காய்வாளரானார். அடிமைத்தளை நீங்கிப் பதினேழே ஆண்டுகளில் ஒரு கறுப்பினத்தவர் இத்தகைய மாநிலப் பதவியை எய்தியது பெரும் சாதனையே எனலாம்.

ஆனால், சமவெளி ஊர்களின் தலைவிதியை அன்று எழுதியது இரயில் பாதை. விளைந்த கோதுமை சந்தையை அடையவும், தேவையான பொருள்கள் ஊரை அடையவும் அதுவே வழி. ஆகவே, தங்கள் ஊர் வழியாகப் பாதை அமைய 16,000 டாலர் கடன்பத்திரம் வழங்க 1887இல் நிக்கோடிமஸ் மக்கள் வாக்களித்தனர். அம்முயற்சி பலிக்கவில்லை. 1888இல் வந்த இரயில் பாதையும் ஆற்றின் மறுகரையில், ஊருக்குச் சில மைல் அப்பால் அமைந்தது. வணிகர்கள் தங்கள் கடைகளை அங்கு தோன்றிய போக் என்னும் ஊருக்கு மாற்றினர். வணிகம் போயிற்று, உழவர்கள் எஞ்சினர். 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் பொருளாதார மந்தமும் அவர்களையும் வாட்டின. 1953இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னும் ஊர் மறையவில்லை. பிரிட்டிஷ் பேரரசில் 1834 ஆகஸ்டு முதல் நாளன்று நடப்புக்கு வந்த அடிமை ஒழிப்பை நினைவுகூர்ந்து தொடங்கிய விழாவொன்று இங்கு ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. அந்த ஒழிப்பின் பின்னரே தமிழர் உள்ளிட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்து பெருமளவில் கொண்டு செல்லப்பட்டனர் என்பதும் ஈண்டு கருதத்தக்கது. தொலை நகரங்களில் வாழும் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அவ்விழாவிற்காக முன்னோர் மண்ணுக்குத் திரும்புகின்றனர். அவர்களுள் சிலரது அயரா முயற்சியால் 1996ஆம் ஆண்டில் நிக்கோடிமஸ் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரு தேவாலயங்கள், விடுதி, பள்ளி, 1939இல் கட்டப்பட்ட ஊர் மன்றம் ஆகிய ஐந்து கட்டடங்கள் பழைய கதையைச் சொல்லி நிற்கின்றன.

இன்று அங்கு வாழ்வோர் மிகச் சிலரே. மக்கள் தொகையையும் வணிகத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நிக்கோடிமஸ் தோற்றுவிட்ட ஊராகவே தோன்றும். ஆனால், உடைமையாகக் கருதப்பட்ட மனிதர்கள் உரிமையாளர்களாக வாழ முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அவர்களின் பிள்ளைகள் கற்றுப் பிற ஊர்களில் உயர்ந்தபோதும், தாம் யார் வழி வந்தோர் என்பதை மறக்கவில்லை. இரயில் பாதை விலகிச் சென்றதால் ஊர் சிறுத்தது. மக்கள் நினைவு விலகாததால் அது வாழ்கிறது. தம் முன்னோர் குடியேறிய ஊர்களின் வரலாற்றைத் திரட்டி இளையோர்க்கு ஊட்டுவது எச்சமுதாயத்திற்கும் இன்றியமையாத கடமை என்பதை நிக்கோடிமஸ் உணர்த்துகிறது.