பைன் காடுகளைச் சாய்த்த புயல்

1938 செப்டம்பர் 21 அன்று பிற்பகலில் லாங் தீவைக் கடந்து அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துப் பகுதிக்குள் புகுந்த புயல், ஏறத்தாழ 600 உயிர்களைப் பறித்ததோடு, அங்கிருந்த காடுகளையும் சில மணி நேரத்தில் சாய்த்துவிட்டது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள புளூ ஹில் வானிலை ஆய்வகத்தில் மணிக்கு 186 மைல் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவாகியுள்ளது. ஆயினும் அந்த அழிவுக்குக் காற்றின் வேகத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. அதற்கு முந்தைய நாட்களில் பெய்த மழையில் மண் ஊறி வேர்ப்பிடிப்பு தளர்ந்திருந்தது. அதைவிட முக்கியமாக, விழுந்த மரங்களில் பெரும்பகுதி உழவர்கள் கைவிட்ட நிலத்தில் வளர்ந்தவை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், கல் மண்டிய நிலங்களோடு போராடிய உழவர்கள் மேற்கின் வளமான மண்ணையும் ஆலை நகரங்களையும் நாடிச் சென்றபோது, தரிசான மேய்ச்சல் நிலங்களில் வெள்ளைப் பைன் என்னும் ஊசியிலை மரத்தின் விதைகள் காற்றில் வந்து விழுந்து முளைத்து, ஒத்த வயதும் ஒத்த உயரமும் கொண்ட அடர்ந்த காடுகளாயின. நெடிதுயர்ந்த இவையே புயலுக்கு முதலில் இரையாக, பக்கத்திலிருந்த இளம் அகன்ற இலை மரங்கள் பலவும் தப்பின.

சாய்ந்த மரங்களின் அளவு 250 கோடி போர்டு அடிக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அங்குலக் கனமும் கொண்ட பலகையே ஒரு போர்டு அடி. இவை காய்ந்தால் பெருந்தீ மூளும் என்னும் அச்சம் நியாயமானதே. எனவே அரசு மரங்களை விலைக்கு வாங்கி, பூஞ்சையும் வண்டும் அண்டாதிருக்க ஏரி குளங்களில் மிதக்கவிட்டது. நியூ ஹாம்ப்ஷயரின் டர்க்கி குளத்தில் மிதந்தவற்றை அறுக்க, 1942இல், ஆண்கள் போருக்குச் சென்றிருந்த நிலையில், பெண்களே ஓர் அறுவை ஆலையை நடத்தினர். நீண்ட கழிகளால் மரங்களை ஆலையின் பக்கம் தள்ளுவது முதல் பலகைகளை அடுக்குவது வரை அவர்கள் செய்த கடும் உழைப்பு வரலாற்று நூல்களில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

காட்டுத் தரையிலும் அப்புயலின் தடம் உள்ளது. வேரோடு பெயர்ந்த மரம் ஒரு குழியை விட்டுச் செல்ல, வேர் மட்கியதும் அதில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்து குழியின் ஓரத்தில் மேடாகிறது. தென்கிழக்கிலிருந்து வீசிய காற்றில் மரங்கள் பெரும்பாலும் வடமேற்கு நோக்கி விழுந்ததால், இம்மேடுகள் குழிகளின் வடமேற்குப் பக்கத்திலேயே காணப்படுகின்றன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பீட்டர்ஷாமில் உள்ள, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் காடான ஹார்வர்டு காட்டின் ஆய்வாளர்கள், அப்புயலின் விளைவை அறிய, 1990இல் ஏறத்தாழ 2 ஏக்கர் பரப்பில் இருந்த மரங்களை எந்திரத்தால் இழுத்துச் சாய்த்து, அவற்றை அகற்றாமல் அப்படியே விட்டுக் கண்காணித்தனர். சாய்ந்தவற்றில் பல மேலும் சில ஆண்டுகள் இலைவிட்டன, அடிமரங்கள் துளிர்த்தன, மண்ணிலிருந்து வெளியேறிய நைட்ரஜன் சத்தும் மிகக் குறைவாகவே இருந்தது. 1938க்குப் பின் மரங்களை இழுத்து அகற்றிய பணி, புயலைவிடவும் அதிகமாக அக்காட்டு மண்ணைக் குலைத்தது என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர்.