மலைச்சாலையின் உயரம்

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்குப் பிறகும் மடுல்சீமைத் தேயிலை பசறை வழியே மலையிறங்கித்தான் அந்த ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்த லொறிகள் பட்டை ஸ்பிரிங்கில் உயர்ந்து நின்றது வீம்புக்காக அல்ல. குழியில் சக்கரம் ஏறியிறங்க இடம் வேண்டும். இன்று சுருள் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவோர் அந்த இடத்தைத்தான் வெட்டுகிறார்கள். தாழ்ந்தால் வளைவில் சாய்வு குறையுமே என்பார்கள். உண்மைதான், வழவழப்பான பந்தயத் தளத்தில். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் பிடிமானம் ஏது? தாழ்த்தியே தீருவதென்றால், குட்டை ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் ஷொக் அப்சோபர் போட்டு, சக்கரக் கோணங்களைத் திரும்பச் சரிசெய்து, ஆட்களை நிறைய ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டயர் மட்காட்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.